நாலாவது ரேஸில் தூவானம்

ஏழு ரேஸ், அறுபத்து மூன்று குதிரை. ஜெயிக்கப்போவது ஏழு. மிச்சம் ஐம்பத்தாறும் ஏன் ஜெயிக்காது என்று யோசிப்பதுதான் வாத்தியாருக்குப் பிழைப்பு. வாத்தியார் என்றதும் சாக்பீஸும் கையுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்திரிகையில் ‘இன்றைய குதிரைகள்’ எழுதுகிறவர். முப்பது வருஷமாக அரைத்த மாவையே அரைத்ததில் மைதானத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல், மேஜை முழுக்கக் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்குள் எழுதி அனுப்பியாக வேண்டும். வாரம் பூராவும் விடியற்காலையில் எழுந்து போய், வேலியோரம் நின்று, குதிரைகள் பயிற்சிக்கு ஓடுவதைக் கடிகாரம் பிடித்துப் பார்த்த கண்கள் மிளகாய்ப் பொடி தூவினாற்போல எரிந்தன. இடுப்பு வலியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முதல் ரேஸ் சுலபம். மூன்றாம் நம்பருக்கு எதிரியே இல்லை, அது நடந்து வந்தாலே போதும். இரண்டாவதில் இரண்டு குதிரைக்குள் போட்டி. ஒன்று ஆரம்பத்தில் பறக்கும், கடைசியில் நாக்கைத் தொங்கப்போட்டுவிடும். இன்னொன்று ஆரம்பத்தில் தூங்கும், விழித்துக்கொள்வதற்குள் ரேஸ் முடிந்துவிடும். குறைந்த தூரம் என்பதால் தூங்குமூஞ்சியை இரண்டாவதாகப் போட்டார். மூன்றாவது ரேஸ் சுத்தக் குப்பை. பதினோரு குதிரை ஓடுகிறது, ஒன்றுக்காவது ஜெயிக்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. இதில் எதை எழுதினாலும் திட்டு நிச்சயம் என்பதால், இருப்பதிலேயே வயசில் சின்னதாகப் பார்த்து ஒன்றை எழுதித் தொலைத்தார்.

நாலாவது ரேஸுக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஆறாம் நம்பர், தூவானம். ஐந்து வயசுப் பெண் குதிரை. ஆறு மாசமாக ஓடவில்லை, அதற்கு முன்னால் ஓடியதும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பேப்பரில் மட்டும் பார்க்கிறவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். ஆனால் புதன்கிழமை காலை, பனி விலகாத நேரத்தில், கடைசி நானூறு மீட்டரை அது ஓடிய ஓட்டத்தை இவர் பார்த்தார். கடிகாரம் கெட்டுப்போய்விட்டதோ என்று ஒரு தடவை உதறிக்கூடப் பார்த்தார். மேலே இருந்தவள் சாட்டையைத் தொடவில்லை, கையை அசைக்கவில்லை, கழுத்தோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு சும்மா வந்தாள். சும்மா வருவது எவ்வளவு கஷ்டம் என்று வாத்தியாருக்குத் தெரியும்.

மேலே இருந்தவள் அவர் மகள். சிக்கலே அதுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கையில் ஜாக்கி லைசென்ஸ் வந்த அன்றே வாத்தியார் ஆபீஸில் போய்ச் சொல்லிவிட்டார்: “என் பொண்ணு ஏறுற குதிரைய நான் கணிப்புல சேக்க மாட்டேன். நல்லதும் எழுத மாட்டேன், கெட்டதும் எழுத மாட்டேன்.” சொன்னபடியே நின்றார். இத்தனைக்கும் அவள் ஏழு ரேஸ் ஜெயித்திருக்கிறாள். அதில் ஐந்து, ஜெயிக்கும் என்று இவருக்கு முந்தின நாளே தெரியும். தெரிந்தும் வேறொரு குதிரையை மனசறிந்து முதலில் போட்டு, மறுநாள் வாங்கிக்கட்டிக்கொண்டார். ‘வாத்தியார் மாதிரி நேர்மையான ஆள் உண்டா?’ என்று மைதானம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எழுத்தில் மட்டும் என்றாலும் பரவாயில்லை. இந்த மனுஷனை என்ன சொல்ல, வீட்டிலும் வாயைத் திறப்பதில்லை. மகள் ஜெயித்துவிட்டு வந்தால், “சாப்பிட்டியா பாப்பா?” தோற்றுவிட்டு வந்தாலும் அதே, “சாப்பிட்டியா பாப்பா?”

தட்டை எடுக்க வந்த மனைவி, மூடிக் கிடந்த பேனாவைப் பார்த்தாள்.

“நாலாவது ரேஸா?”

“ம்.”

“அவ குதிரை ஜெயிக்குமா?”

“அதை விட்டா வேற குதிரையே இல்ல.”

“அப்ப அதை எழுதறதுக்கென்ன? ஊரான் வீட்டுப் பொண்ணுன்னா எழுதுவீங்க. பெத்த பாவத்துக்கு அவ பேரை மட்டும் முழுங்கிடறீங்க. நாலு வருஷம் உங்க நேர்மையக் காப்பாத்தியாச்சு, போதும். ஒரு தடவை அந்தப் பொண்ணு பேப்பரைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்படட்டுமே!”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகவே சத்தம் போட்டன.

வாத்தியார் காகிதத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். தெரிந்தே ஒரு பொய்யை எழுத இந்தத் தடவை கை வரவில்லை. அலுத்துவிட்டது. நேர்மைக்காகப் பொய் எழுதுவது என்ன கண்றாவி என்று முதல் தடவையாகத் தோன்றியது. பேனாவைத் திறந்தார். ‘நாலாவது ரேஸ்: தூவானம். மற்றவை இரண்டாம் இடத்துக்குப் போட்டியிடலாம்’ என்று எழுதினார். ஓட்டுகிறவளைப் பற்றியும் ஒரு வரி எழுதிப் பார்த்தார். கூச்சமாக இருந்தது, அடித்துவிட்டார். சாயங்காலம் மகள் வந்தபோதும் மூச்சு விடவில்லை. காலையில் பேப்பரில் பார்க்கட்டும் என்று, கல்யாண வயசுப் பையன் மாதிரி உள்ளுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு படுத்தார். பல மாசத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை, பேப்பர் வருவதற்கு முன்பே மகள் கிளம்பிப் போயிருந்தாள். வாத்தியார் பன்னிரண்டரைக்கு மைதானத்துக்குள் நுழைந்தார். வாசல் பக்கத்துப் பலகையில் கடைசி நேர மாற்றங்களைச் சாக்பீஸால் எழுதிப்போடுவார்கள். பழக்கத்தில் கண் அதில் போயிற்று.

நாலாவது ரேஸ். ஆறாம் நம்பர் தூவானம். ஜாக்கி மாற்றம்.

மகள் பெயரை அடித்துவிட்டு ‘சிங்கம்’ பெயரைப் போட்டிருந்தார்கள். சிங்கம் என்பது பட்டப்பெயர். மைதானத்திலேயே அதிகச் சம்பளம் வாங்குகிற ஜாக்கி, சுவரொட்டியில் படம் வருகிற ஆள். காரணம் என்ற இடத்தில் ‘உரிமையாளர் விருப்பம்’ என்று இருந்தது.

வாத்தியார் நேராக லாயத்துக்குப் போனார். தூவானத்தின் பயிற்சியாளர் வாளிமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

“என்ன வாத்தியாரே, தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களே!”

“ஏன் மாத்துனீங்க?”

“நானா மாத்துனேன்? காலங்காத்தால முதலாளி போன் போட்டுக் கத்துறாரு. ஆறு மாசமா அந்தக் குதிரைய ஓட விடாம, காதும் காதும் வச்ச மாதிரி தயார் பண்ணி வச்சிருந்தோம். ஒண்ணு கட்டினா எட்டு கிடைக்கும்னு இருந்தது. உங்க பேப்பரைப் பாத்துட்டு ஊரே வந்து கட்டுது, ஒண்ணுக்கு ஒண்ணுகூடத் தேறல. இனிமே மறைக்க என்ன இருக்கு, சிங்கத்தையே ஏத்திவிடுன்னுட்டாரு.”

“மறைக்கிறதுக்கும் என் பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்?”

பயிற்சியாளர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். இந்த ஆள் உண்மையிலேயே கேட்கிறாரா, விளையாடுகிறாரா என்று ஒரு கணம் பார்த்தார்.

“வாத்தியாரே, பாப்பா ஏறினா நீங்க எழுத மாட்டீங்க. ஊருக்கே தெரியும். ஜெயிக்கிற குதிரைய யார் கண்ணுலயும் படாம ஓட்டணும்னா அதைவிட வசதி ஏது? நான் மட்டும் இல்ல, எல்லாருமே அப்படித்தான் அவளைக் கூப்பிட்டோம்.” கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இனிமே கூப்பிடறது கஷ்டம். நீங்களே பாத்துக்கங்க.”

நாலு வருஷமாக மகளுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தவர் வாத்தியார். அந்தத் துரோகம்தான் அவளுக்குச் சோறு போட்டதாம். நேற்று ஆசையாக எழுதிய ஒரு வரி அதில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டதாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நாலாவது ரேஸை அவர் தன் வழக்கமான இடத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தூவானம் ஜெயித்தது. சிங்கம் கடைசித் திருப்பத்திலேயே சாட்டையைத் தூக்கிவிட்டான். தேவையே இல்லாத ஒன்பது அடி. குதிரை பயந்து வெளிப்பக்கம் சாய்ந்து, அரைக் குதிரை நீள வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்து வந்தது. சும்மா விட்டிருந்தால் ஐந்து குதிரை நீள வித்தியாசத்தில் வந்திருக்கும். யார் யாரோ வந்து முதுகில் தட்டினார்கள். “வாத்தியாரே, கொன்னுட்டீங்க!” என்றான் ஒருத்தன். ஆபீஸிலிருந்து வேறு போன் வந்தது, எடுக்கவில்லை.

ஜாக்கிகள் எடை பார்க்கிற அறைக்குப் பின்னால், சேணம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று படிக்கட்டு இருக்கும். மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள். ஏழாவது ரேஸில் அவளுக்கு ஒரு குதிரை உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிற குதிரை, அதனால் யாரும் மாற்றவில்லை. அதற்கான மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, பூட்ஸ் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, முகத்தைக் கழுவியிருந்தாள்.

வாத்தியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

“தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன் பாப்பா.”

“தெரியும்பா.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா? எதுக்காக உன்னைக் கூப்பிடறாங்கன்னு?”

“ரெண்டாவது தடவை ஜெயிச்சப்பவே தெரியும்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா மறுநாளே எழுதியிருப்பீங்களே. அப்புறம் எனக்கு ஏது குதிரை?” அவள் வாரை அவிழ்த்து மறுபடி கட்டினாள். “எப்படியோ ஏறினாப் போதும்னு இருந்தது. ஏறினப்புறம் ஓட்டுறது நான்தானேன்னு நினைச்சுக்குவேன். சில நாள் அதுவும் சந்தேகமாயிடும்.”

ஐந்தாவது ரேஸுக்கான குதிரைகள் எதிரே வரிசையாகப் போயின. இருவர் தலையும் ஒரே நேரத்தில் திரும்பி, கால்களைப் பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் திரும்பி வந்தன.

“அப்பா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா?”

“கேளு.”

“நான் எப்படி ஓட்டறேன்?”

நல்லா ஓட்டுறம்மா, பிரமாதம்மா என்று சொல்லித் தலையைத் தடவியிருக்கலாம். எந்த அப்பனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் முப்பது வருஷப் புத்தி எங்கே போகும்?

“இங்க ஓட்டுறவங்க முப்பத்திரண்டு பேரு,” என்றார். “அதுல நீ மூணாவது.”

மகள் நிமிர்ந்தாள். “மூணாவதா?”

“மூணாவது. உனக்குக் கை ரொம்பப் பொறுமை, குதிரைக்கு உன்னப் புடிக்குது. ஆனா கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டா ஒரு நொடி யோசிக்கிற. முதல் ரெண்டு பேரும் யோசிக்க மாட்டாங்க. அது ஒண்ணுதான் வித்தியாசம். போன வருஷம் ஏழாவதா இருந்த.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டாள். “சிங்கம்?”

“அஞ்சாவது.”

“அஞ்சாவதா! எப்பலேருந்து?”

“ரெண்டு வருஷமா.”

சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெதுவாகப் போயிற்று. சாட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

“இதை ரெண்டு வருஷமா மனசுலயே வச்சிருந்தீங்களாப்பா?”

“ஆமா,” என்றார் வாத்தியார்.