மூன்றாம் ஜன்னல்காரியின் சட்டை

“பொய் சொன்னா உங்களுக்குப் பால் வருதாமே, நெஜமாவா?” என்று தாய்மார் உடைகள் விற்கும் கடையின் விற்பனைக்காரி அவளைக் கேட்டாள். சட்டைக்கு என்ன அளவு என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள். நிஜம்தான். குழந்தை பிறந்த பதினோராம் நாளிலிருந்து, காதுக்கு எட்டுகிற தூரத்தில் யார் பொய் சொன்னாலும் அவளுக்குப் பால் சுரந்தது. சின்னப் பொய்க்கு இடப்பக்கம் மட்டும், பெரிய பொய்க்கு இரண்டு பக்கமும். உண்மை பேசுகிறவர்கள் நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் ஒரு சொட்டு வராது; குழந்தை வீறிட்டு அழுதாலும் வராது. டாக்டர் சோதித்துப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, “நூத்துல பத்து பேருக்கு இப்படி இருக்கும், மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சட்டை முன்பக்கம் தொப்பலாக நனைந்துவிட்டது. மாத்திரைச் சீட்டை அவள் மடித்துக் கைப்பையில் வைத்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவள் கணவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். பொய் வாயில் நுழையாத மனிதன். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம்கூட “இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், பெல்ட் வேற தேஞ்சிருக்கு” என்று உள்ளதை உள்ளபடி சொல்லி அழவைத்தவன். குழந்தைக்குப் பசித்தபோதெல்லாம் அவன் சுவரில் சாய்ந்து நின்று, நெற்றியைச் சுருக்கி, “இன்னைக்குப் பாத்திரமெல்லாம் நான்தான் கழுவினேன்” என்பான். நான்கு நாள் அது வேலை செய்தது. ஐந்தாம் நாள் அதே பொய்க்கு மார்பு கல்லாக நின்றது. புதிது யோசிக்க அவனுக்கு வரவில்லை. அப்பாவாக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லையே என்று நொந்துகொண்டான்.

அந்தக் கவலையை நாத்தனார் தீர்த்தாள். பக்கத்துத் தெருவில் இருந்த அவள் தினமும் இரண்டு வேளை புதுப்புதுப் பொய்களோடு வந்து போனாள். செருப்பைக் கழற்றும்போதே, “உன்ன என் கூடப் பொறந்தவளாத்தான் நெனைக்கிறேன்” என்பாள். குழந்தைக்கு ஒரு பக்கம் நிறைந்துவிடும். “நான் யார் விஷயத்துலயும் தலையிடறதில்ல, உனக்கே தெரியும்” என்று அவள் நாற்காலியில் உட்காரும்போது மறுபக்கம். குழந்தை விக்கல் எடுக்கும்வரை குடித்தது. ஒரே மாதத்தில் அதன் கன்னம் உப்பிப்போய் கண் சிறுத்தது. என் கைராசி, பார்த்தாயா என்றாள் நாத்தனார். இந்த ஒன்றுக்கு மட்டும் பால் வரவில்லை, அதனால் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள். குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் அவளுடையது மூன்றாம் ஜன்னல், புகார்களை வாங்குகிற இடம். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: தண்ணீர் எப்போது வரும்? அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: நாளைக்கு. முதல் நாள் மதியத்துக்குள் அவள் நான்கு சட்டைகளை நனைத்துவிட்டாள். தன் வாயால் சொன்ன பொய்க்கும் பால் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டாம் வாரத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். அவர்கள் பதிலைக் கேட்பதை விட்டுவிட்டு அவள் சட்டையைப் பார்த்தார்கள். அதில் அசிங்கம் ஒன்றுமில்லை. பேருந்து நிலையத்தில் கால அட்டவணையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நனைந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார்கள். நனையாவிட்டால் வீட்டுக்குப் போய்த் தொட்டியைக் கழுவினார்கள். அலுவலகத்தார் சீக்கிரமே ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். “பார்க்கலாம்” என்ற சொல்லுக்கு மட்டும் பால் குழம்பிப்போகும். உண்மையுமில்லை, பொய்யுமில்லை, ஒரே ஒரு சொட்டு எட்டிப்பார்த்து அப்படியே நின்றுவிடும். அதன்பிறகு முதல் ஜன்னல், இரண்டாம் ஜன்னல், காவலாளி, தேநீர் கொண்டுவருகிறவர் எல்லோரும் எதற்கெடுத்தாலும் பார்க்கலாம் என்றே பேசினார்கள். மணி என்ன என்று கேட்டாலும் பார்க்கலாம் என்றார்கள்.

பால் எடுத்து வைக்க அவளுக்கு ஓர் அறை தரப்பட்டது. பழைய கோப்புகள் அடுக்கிய அறை. கதவு கண்ணாடி, அதில் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள், உள்பக்கமாக இல்லாமல் வெளிப்பக்கமாக. அதனால் வருகிறவர் போகிறவர் நின்று படித்தார்கள். அறைக்குள் பேச ஆளில்லாததால் பம்ப் வெறுமனே முனகிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பழைய கோப்பால் கதவுக்கு முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தாள். அடுத்த அறையில் மேலாளர் தொலைபேசியில் மேலிடத்தோடு பேசத் தொடங்கினார். எல்லாக் குழாயிலும் தண்ணீர் போகிறது சார், மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் சார். இரண்டு புட்டிகளும் கழுத்துவரை நிறைந்தன. கதவுக்கு முட்டுக்கொடுத்த கோப்பு அதற்குள் வழிந்த பாலில் பாதி நனைந்திருந்தது. அந்தக் குழந்தை அத்தையின் பொய்யில் பிழைத்தது, மேலாளரின் பொய்யில் பெருத்தது என்று பின்னாளில் அந்தக் குடும்பத்தில் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த மேலாளருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் சட்டையில் மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை, அவர் வேலை செய்தும் யாரும் பார்த்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் அவளைக் கூப்பிட்டார். அவளைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலிருந்த மின்விசிறியைப் பார்த்துப் பேசினார்.

“இது நாலு பேர் வந்து போற இடம்மா. நனஞ்ச துணியோட ஜன்னல்ல உக்காந்தா நல்லாவா இருக்கு? இதுக்குன்னே தனியா டிரஸ் விக்கிறாங்களாம். உள்ள ஜிப்பு, பஞ்சு எல்லாம் வச்சு. வெளிய ஒண்ணும் தெரியாதாம்.”

“விலை ஜாஸ்தி சார்.”

“பம்ப்பு மாட்டிக்கிற பிராகூட இருக்காம், கை ரெண்டும் சும்மா இருக்குமாம். அப்படியே நாலு ஃபைலையும் பாத்துடலாம்ல. திங்கக்கிழமை அதைப் போட்டுட்டு வா. இல்லேன்னா நீரேற்று நிலையத்துக்கு மாத்திடுவேன். உன் கஷ்டம் எனக்குப் புரியாதா என்ன?”

கடைசி வாக்கியத்துக்கு மட்டும் இரண்டு பக்கமும் நனைந்தது. நீரேற்று நிலையம் என்றால் இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும். விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் திரும்ப முடியும், அதற்குள் நாத்தனார் வந்துபோயிருப்பாள். அங்கே மனிதர்கள் கிடையாது. ஆறு மோட்டார்களும் ஓர் அளவுமானியும் மட்டும். மோட்டாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரே வாரத்தில் பால் வற்றிப்போகும், குழந்தையோ டப்பா மாவுப்பாலை உதட்டில் பட்டதுமே துப்புகிற ரகம். அதனால்தான் சனிக்கிழமை அவள் கணவனோடும் நாத்தனாரோடும் அந்தக் கடைக்குப் போனாள்.

கடை முழுக்கக் கண்ணாடியும் மெல்லிய இசையும். தொங்கிய ஒவ்வொரு சட்டையும் சாதாரணச் சட்டை மூன்றின் விலை சொன்னது. விற்பனைக்காரி ஒன்றை விரித்துக் காட்டி, மனப்பாடமாக ஒப்பித்தாள். “இத போட்டா நீங்க பால் குடுக்கறது பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கே தெரியாதுங்க.” நனைந்தது. “எத்தன தடவ துவைச்சாலும் சுருங்காது.” நனைந்தது. “குழந்தை பால் மறந்தப்புறமும் பார்ட்டிக்குப் போட்டுக்கலாம்.” சட்டை நுனியிலிருந்து பளிங்குத் தரையில் சொட்டத் தொடங்கியது. விற்பனைக்காரி ஒரு கைத்துண்டைக் கொடுத்துவிட்டு விடாமல் தொடர்ந்தாள். பிரா, பனியன், போர்வை, போர்வையை மாட்ட ஒரு வளையம், வளையத்தை வைக்க ஒரு பை. “இந்த விலைக்கு எங்கயும் கிடைக்காது” என்றாள். ஒன்றும் ஆகவில்லை. உண்மைதான், அந்த விலைக்கு வேறு எந்தக் கடையிலும் விற்கத் துணியமாட்டார்கள்.

“யோசிக்காம வாங்கு. என் சிநேகிதி இதே மாதிரி பத்து வச்சிருக்கா, தேவதை மாதிரி இருக்கா” என்றாள் நாத்தனார். தரையைத் துடைக்க ஆள் வந்தது. “நீ என்ன சொல்ற?” என்று அவள் தன் கணவனைக் கேட்டாள். “எனக்கு இதுல ஒண்ணும் புரியல” என்றான் அவன். துண்டு காய்ந்தே இருந்தது. அந்தக் கடையில் அதுவரை பேசப்பட்டதில் அவளுக்கு உபயோகமான பேச்சு அது ஒன்றுதான்.

அளவு பார்க்கிற அறைக்குப் பக்கத்தில், தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாங்கிய துணியைப் பிடித்துத் தைத்துக் கொடுப்பவள். வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, விற்பனைக்காரி உள்ளே போன நேரம் பார்த்துச் சொன்னாள்.

“இதெல்லாம் உங்களுக்கு வேணாம்க்கா. முன்னாடி பட்டன் வச்ச சட்டை ரெண்டு போதும். பழைய பிரா ஒண்ணுல ரெண்டு ஓட்ட போட்டு ஓரம் அடிச்சா பம்ப்பு நிக்கும். உள்ள வைக்க துவாலைய நறுக்கி நாலா மடிங்க. என் ரெண்டு புள்ளைங்களையும் அப்படித்தான் வளத்தேன்.”

மூவரும் அவள் சட்டையைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. தையல்காரி குண்டூசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள். நாத்தனார், தான் முதலிலிருந்தே இதைத்தான் சொன்னதாகச் சொன்னாள். கடைசி முறையாகத் தரையைத் துடைத்தார்கள்.

திங்கட்கிழமை அவள் கணவனின் வெளிர்நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்தாள். கருப்பில் ஒன்று இருந்தது. வேண்டுமென்றேதான் அதை எடுக்கவில்லை. வெளிர்நீலத்தில் ஈரம் பத்து கஜம் தள்ளி நிற்கிறவருக்கும் தெரியும். நறுக்கிய துவாலைத் துண்டுகளைக் கைப்பையிலேயே விட்டுவிட்டாள். வரிசை வாசல்வரை நின்றது. இஸ்திரி மாற்றல் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த அலுவலகத்தில் எந்த உத்தரவையும் ஊழியர் முன்னால் நின்று உரக்கப் படித்துக் காட்டி, அதன்பிறகே மேஜையில் வைத்துக் கையெழுத்து வாங்கவேண்டும் என்று விதி. எந்தக் காலத்திலோ எழுதப் படிக்கத் தெரியாத ஊழியர்களுக்காக வந்த விதி. எடுக்க மறந்துவிட்டார்கள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். அலுவலக நலன் கருதி. சட்டையில் இரண்டு வட்டங்கள் விரிந்தன. ஊழியரின் வசதியைக் கருத்தில் கொண்டு. வட்டங்கள் ஒன்றாயின. ஊழியரின் விருப்பத்தின் பேரில். பால் பட்டன் இடுக்கு வழியாகப் பீறிட்டு மேஜைக் கண்ணாடியில் தெறித்து, அவர் கையெழுத்துக்காக விரித்து வைத்த தாளை நனைத்தது. மை கரைந்து ஓடியது. இரண்டாம் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார், முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார், அதுவும் கூழாயிற்று. மூன்றாம் பிரதியும் அப்படியே போனதோடு, விதிப்படி எடுத்திருந்த பிரதிகள் தீர்ந்தன. வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் வராத வீட்டில் இருந்து வந்தவர்கள், அவ்வளவு ஈரத்தை மரியாதையோடு பார்த்தார்கள். இஸ்திரியின் கால்சட்டை மடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு வழிந்தது.

அந்தக் குழந்தை பின்னால் வளர்ந்து பல் டாக்டரானாள். வலிக்காது என்று யாரிடமும் சொல்வதில்லை, அதனால் அவளிடம் கூட்டம் குறைவு. அம்மாவுக்குப் பால் இரண்டு ஆண்டு நான்கு மாதம் வந்து, ஒரு நாள் நாத்தனார் பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றது. நாத்தனார் அதைத் தன் மனம் திருந்தியதாக எடுத்துக்கொண்டாள். வெளிர்நீலச் சட்டை கிழிந்து, லிஃப்ட் துடைக்கிற துணியாயிற்று.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை, வரிசையில் முதலாவதாக நின்ற பெண் ஜன்னல் திண்டில் குடத்தை வைத்தாள்.

“சார், நீங்களே இருக்கீங்க, நல்லதாப் போச்சு. அஞ்சாவது தெருவுக்குத் தண்ணி எப்ப வரும்? இவங்க முன்னாடியே சொல்லிடுங்க.”

இஸ்திரி வாயைத் திறந்தார். வரிசை முழுவதும் நீலச் சட்டையைப் பார்த்தது. அவர் வாயை மூடினார். “பார்க்…” என்று ஆரம்பித்தார். மூன்றாம் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு எட்டிப்பார்த்து நின்றது. அந்தச் சொட்டு எந்தப் பக்கம் போகும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். பிறகு கூழான மூன்று தாள்களையும் திரட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.