வெறும் வயிறு

மண்டைதீவில் இரத்தம் குடுக்க ஆள் பிடிப்பது ஒரு காலத்தில் பெரும்பாடு. இப்போது பாருங்கள், கோயில் மண்டபத்தில் வரிசை வாசலையும் தாண்டி நிற்கிறது. பாதர் பூசையில் சொன்னதற்காகக் கொஞ்சப்பேர், மாமனார் வந்துவிட்டாரே என்று ஒரு மருமகன், முகநூலில் படம் போட நாலு பொடியள். மிச்சப்பேர் எல்லாம் நிருபனுக்காக வந்தவர்கள். நாலு வருசத்துக்கு முன் பண்ணைப் பாலத்தில் மோட்டார்சைக்கிளோடு விழுந்து செத்துப்போன பிள்ளையின் நினைவுநாள் அது.

வரிசையில் மிரோஜனும் நின்றான். நிருபனோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவன். மற்ற வருசங்களில் இந்த நாளில் ஊரிலேயே இருக்கமாட்டான். நிருபன் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் கேட்டபோது இவனுடையதுதான் பொருந்தும் என்று கூட்டிப்போனார்கள். இவனோ கள்ளு வெறி. மணத்தைக் கண்டதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறு ஆளின் இரத்தம் ஏற்றியும் நிருபன் தப்பவில்லை. அதனால் தன்னில் பிழையில்லை என்று போய்ப் பெற்ற தாயிடம் சொல்ல ஏலுமா?

அந்தத் தாய் அல்போன்சம்மா அன்றிலிருந்து இவனோடு கதைப்பதில்லை. முந்தி அவவின் குசினியில் இரண்டு கோப்பையில் சோறு போட்டால் ஒன்று இவனுக்கு. கடலால் வந்து குந்தினதும் "தின்னடா" என்று ஒரு அதட்டல் விழும். அந்த அதட்டலுக்காக அவன் ஏங்கின ஏக்கத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பெண்சாதி நல்லாய்த்தான் சமைக்கிறாள். ஆனால் அது வேறு.

இன்றைக்கு இரத்தம் குடுத்தவர்களுக்கு மண்டப மூலையில் அல்போன்சம்மா தன் கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தா. இவன் வந்ததே அந்தக் கோப்பைக்குத்தான்.

முறை வந்தது.

"காலமை என்ன சாப்பிட்டனீர்?" என்று தாதி கேட்டா.

"ஒண்டுமில்லை மிஸ். நேற்று மத்தியானத்திலயிருந்து ஒருசந்தி."

"ஏன் பட்டினி கிடந்தனீர்?"

"கோயிலில குடுக்கிறதெல்லோ. பூசையில நன்மை வாங்கிறமாதிரி, வெறும் வயித்தோடதான் குடுக்கவேணும் எண்டு நினைச்சன்."

வரிசை கொல்லென்று சிரித்தது. தாதி சிரிக்கவில்லை. "சாப்பிடாம எடுக்க ஏலாது தம்பி. போய்ச் சாப்பிட்டிட்டு வாரும்."

அன்றைக்குக் குடித்ததால் திருப்பினார்கள். இன்றைக்குப் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் வந்ததற்கும் அதே கதி. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தலையைக் குனிந்தபடி கதவடிக்குப் போனான்.

பின்னால் யாரோ வந்து ஒரு கோப்பையை நீட்டினார்கள். சோறும் மீன்குழம்பும். அல்போன்சம்மா.

"நீர் சாப்பிட்டிட்டுப் போய்க் குடும்," என்றா, முகத்தைப் பார்க்காமல்.

நீராம். பிறத்தியாருக்குச் சொல்கிற நீர். அவன் வாங்கிக்கொண்டு படியில் குந்தினான். பிசைந்தான், ஒரு வாய் வைத்தான். பிறகு பிசைந்ததையே திரும்பத் திரும்பப் பிசைந்தான்.

அவ போகவில்லை. இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றா. வரிசையில் நின்றவர்களும் கதையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன சோத்தை அளைஞ்சுகொண்டிருக்கிறாய்?" என்றா கடைசியில். குரல் உடைந்துபோயிருந்தது. "முள்ளுப் பாத்துத் தின்னடா."