நாடி நூற்று முப்பது

மதியம் வீட்டுக்கு வந்த பெயிண்டர் சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்லாமல் தட்டைத் தள்ளி வைத்தபோதுதான் அவர் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. பதினெட்டு வருஷத்தில் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அவர் எழுந்ததே இல்லை. அன்று "போதும்மா" என்றார். அந்த 'ம்மா'வே புதிது.

"என்ன ஆச்சு?"

"காலைல ஏணி வழுக்கிடுச்சு. விலா லேசா சுவத்துல இடிச்சது, அவ்வளவுதான். தண்ணி குடு."

மூன்றாவது தம்ளர். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. நெற்றியெல்லாம் வியர்வை, ஆனால் தொட்டால் ஜில்லென்றிருந்தது. பாதமும் அப்படியே. கொளுத்தும் வெயிலில் ஒரு மனுஷனுக்குப் பாதம் ஏன் சில்லிடுகிறது? தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடிப் போய் வண்டி பிடித்தாள்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். "நூத்திப் பத்து. பரவாயில்லையே."

"கேட்டியா?" என்று பெயிண்டர் கட்டிலை விட்டு எழப் பார்த்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த நர்ஸ் விடவில்லை. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நாடி நூத்தி முப்பது ஓடுது டாக்டர்," என்றாள். கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் சிவக்க வெகுநேரமானது.

ஸ்கேனில் தெரிந்தது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்புறம் எப்படி சிஸ்டர் பிரஷர் நல்லா இருந்துச்சு?"

"உடம்பு சமாளிக்கும்மா. தோல், குடல், கிட்னிக்கெல்லாம் போற ரத்தத்தைக் குறைச்சு, மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பிடும். வெளியே தெரியாது. முடியாமப் போறப்ப ஒரேயடியா விழுந்துடும்."

ஆளைப் போலவே உடம்பும் என்று நினைத்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அதற்குள் அழுத்தம் எழுபதுக்கு இறங்கிவிட்டது. பெயிண்டர் அவளைப் பார்த்து, "விளக்கை ஏன் அணைச்சே?" என்றார். ஜன்னல் நிறைய வெயில் இருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

ஆறு பை ரத்தம் ஏறியது. சாயங்காலம் வெளியே வந்த சர்ஜன், "ரத்தம் நின்னுடுச்சு. ஆனா கிட்னி ரொம்ப நேரம் பட்டினி கிடந்திருக்கு. சிறுநீர் இறங்கினாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்," என்றார்.

மறுநாள் காலை அவளை உள்ளே விட்டார்கள். முதலில் பாதத்தைத் தொட்டாள். கதகதப்பாக இருந்தது. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையில் மட்டும், அடியில் கொஞ்சம் கறுத்த நீர்.

"இவர்கிட்ட எதை எதையோ கேட்டிருக்கேன் சிஸ்டர். இதுக்காகக் காத்துக் கிடப்பேன்னு நினைக்கவே இல்ல."

நர்ஸ் சிரித்தாள். சத்தம் கேட்டுப் பெயிண்டர் கண்ணைத் திறந்தார்.

"வலிக்குதா?"

அவள் பக்கம் தலையைத் திருப்பினார். "வலிக்குது. ரொம்ப."

இப்படி அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் குனிந்தாள். பைக்குள் இறங்கும் குழாயின் முனையில் மஞ்சளாக ஒரு துளி திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்று, விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று திரள ஆரம்பித்தது.