மூன்று மணிக்குக் கிசுகிசுத்த நாடகம்

ஏதென்ஸில் மதியம் இரண்டு முதல் ஐந்து வரை ஊர் தூங்கும், சத்தம் கூடாது. நாடகாசிரியர் ஸ்தமாத்திஸின் புது நாடக ஒத்திகைக்கோ அந்த நேரம்தான் வாய்த்தது. மாலையில் அந்தத் திறந்தவெளி அரங்கில் வேறொரு குழு ஆடிக்கொண்டிருந்தது.

சுற்றிலும் அடுக்குமாடிகள். முந்தாநாள் நாயகி ஃபோத்தினி போட்ட ஒரே கூச்சலுக்கு, மூன்றாம் மாடி எவந்தியா காவலரையே கூப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து நடிகர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிசுகிசுப்பாக வசனம் பேசினார்கள்.

மாலைக் குழு இன்றோடு கிளம்புகிறது, நாளை இவர்களுடைய அரங்கேற்றம். ஸ்தமாத்திஸின் முந்தைய இரண்டு நாடகங்களும் ஒரு வாரம் தாங்கவில்லை. இதுவும் படுத்துவிட்டால் மாமனாரின் ஆணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

தயாரிப்பாளர் மெனெலாவோஸ் பழைய செருப்புக்கடைக்காரர். நாடகத்துக்கு வருகிறவரின் காலைப் பார்த்தே, அழுவாரா கொட்டாவி விடுவாரா என்று சொல்லிவிடுவதாகப் பீற்றிக்கொள்வார். அவருடைய கோபமும் இப்போது காற்றுப் போன டயர்போல் சீறித்தான் வந்தது.

"பதினோரு வருஷம் கழிச்சுக் கப்பல்லேர்ந்து புருஷன் வர்றான். இவ என்ன சொல்றா? 'உட்காரு, சூப் ஆறிப்போகுது.' சூப் என் வீட்டுலயே ஆறுதுய்யா, அதப் பாக்கவா ஜனம் வரும்? கதறணும்! சாயங்காலத்துக்குள்ள நீ மாத்தலேன்னா நானே மாத்திடுவேன்."

"கடைசியா ஒரு தடவை பாத்துடுங்க" என்று கெஞ்சினார் ஸ்தமாத்திஸ்.

வெயில் பாலாய் உறைந்திருந்தது. சில்வண்டுகள் ஓயாமல் அறுத்தன. மாடிகளில் காய்ந்த வெள்ளைப் போர்வைகள் பாய்மரங்களாகப் புடைக்க, அரங்கமே கரையைவிட்டு மெல்ல நகர்வதுபோல் இருந்தது அவருக்கு. ஃபோத்தினி வாசலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, தூங்கும் குழந்தையிடம் சொல்வதுபோல்:

"உட்காரு. சூப் ஆறிப்போகுது."

மேலே ஒரு ஜன்னல் கதவு படாரென்று திறந்தது. எவந்தியா, இரவு உடையோடு. எல்லோரும் கல்லாய் நின்றார்கள்.

"ஏம்மா, கொஞ்சம் சத்தமாத்தான் பேசேன்! ரெண்டு நாளா காதை ஜன்னல்லயே ஒட்டவச்சு எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு."

மெனெலாவோஸ் துள்ளினார். "காவலரக் கூப்பிட்டதே நீங்கதானே அம்மா?"

"அப்ப அவ கத்தினா. கத்துறதக் கேக்க நான் எதுக்குய்யா எழுந்திருக்கணும்? எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரே!"

எதிர்மாடியில் யாரோ சிரித்தார்கள். அங்கொரு கதவு, இங்கொரு கதவு என்று திறந்தன. தூங்காத தெருவே தலையணைத் தடம் பதிந்த கன்னங்களோடு எட்டிப் பார்த்தது.

மெனெலாவோஸ் அண்ணாந்து ஒரு சுற்றுச் சுற்றினார். இந்தத் தடவை கால்கள் தெரியவில்லை. முகங்களை நம்ப வேண்டியிருந்தது. அவரே எழுதி வைத்திருந்த கதறல் காட்சி சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது. அதை மடித்து விசிறிக்கொண்டார்.

"சூப்பே இருக்கட்டும்யா. நாளைக்கும் இதே மாதிரி, மெதுவா."

"அவன் சாப்பிட்டானா, இல்லையா?" என்றாள் எவந்தியா.

"அது இன்னும் எனக்கே தெரியலம்மா" என்றார் ஸ்தமாத்திஸ்.

"தெரிஞ்சாலும் எழுதிடாதே. அவன் நிம்மதியாச் சாப்பிடட்டும்."

ஃபோத்தினி மறுபடி வாசலைப் பார்த்தாள். ஜன்னல்களில் ஒன்றுகூட மூடப்படவில்லை.