ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்

வேறு வேலைக்கு மனு போட ஆதாரைப் பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் மணிமொழி போனை நீட்டினாள். எல்லாரும் செய்வதுதான். கடைக் கம்ப்யூட்டரில் தெரியும் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் அங்கேயே திறந்துகொள்ளும்.

"ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர்ல ஓடிக்கிட்டு இருக்கேக்கா. இன்னைக்குக் காலையில கூட யாரோ தொறந்திருக்காங்க" என்றாள் கடைப்பெண்.

மணிமொழி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன் உடையார்பாளையத்தில், கிருஷ்ணமூர்த்தி கடையில் இப்படித்தான் ஸ்கேன் செய்தாள். லாக் அவுட் செய்யாமல் வந்துவிட்டாள். செய்தி போகிற வழியில் எவனும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் போகிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவளே அவள்தான். போய்ச் சேருகிற இடத்தில் அந்தப் பூட்டு திறந்துதானே ஆக வேண்டும்? அந்தக் கேடுகெட்ட கம்ப்யூட்டர் அவளுடைய இன்னொரு போனாகவே உட்கார்ந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணமூர்த்தியின் மச்சான் பஞ்சநாதன், அவள் வேலை பார்க்கும் முந்திரிக் கம்பெனியில் சூப்பர்வைசர். வேலைக்கு வரும் பெண்கள் மேல் கை வைக்கிறவன். அவன் மேல் புகார் கொடுக்க ஒன்பது பெண்கள் குரூப்பில் ரகசியமாகப் பேசினார்கள். மறுநாளே அவன் அதை வரிக்கு வரி சொல்லிக் காட்டிச் சிரித்தான். ஆறு பேர் பயந்து விலகினார்கள். மணிமொழியோ, "நீதான்டி காட்டிக் குடுத்த!" என்று, குரூப்பில் இருந்த சுகன்யாவை எல்லார் எதிரிலும் அறைந்தாள்.

இப்போது, வாட்ஸ்அப் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்று போன் காட்டிய பட்டியலைப் படம் பிடித்துக்கொண்டு, பிறகுதான் லாக் அவுட்டை அழுத்தினாள். அடுத்த பஸ்ஸில் கிருஷ்ணமூர்த்தி கடைக்குப் போய் நின்றாள்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"நீங்கதாங்க ஸ்கேன் பண்ணிட்டு அப்புடியே போனீங்க. நானா கேட்டேன்?" அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வூட்டுக் கதவு தொறந்து கெடந்தா உள்ள பூந்துடுவியாடா நாயே!"

தெருவே திரும்பிப் பார்த்தது. வெளியே வந்தவள் சுகன்யாவை அழைத்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்டி. நீ இல்லடி. மன்னிச்சுடு."

"எங்க வச்சு அடிச்ச?"

"கம்பெனியில."

"அங்க வந்து சொல்லு."

மறுநாள் காலை, பஞ்சநாதன் கேட்டருகே நிற்கும்போதே மணிமொழி உரக்கச் சொன்னாள். யார் படித்தது, எப்படிப் படித்தது, யாருக்காகப் படித்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சுகன்யாவிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். பஞ்சநாதன் முகம் செத்துப்போயிற்று. மணிமொழி எழுதி வந்திருந்த புகார்த்தாளை சுகன்யா அவள் கையிலிருந்து வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டாள். மணிமொழியின் முகத்தை மட்டும் அவள் கடைசிவரை பார்க்கவில்லை.