உள்ளட்டையில் இருந்த தொகை

அந்த வீட்டுக்கடன் அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. சம்பளச் சீட்டில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும், பத்திரத்தில் மூன்றாம் பக்கத்துக் கையெழுத்தும் நாலாம் பக்கத்துக் கையெழுத்தும் ஒத்துப்போகாவிட்டாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கடன் கேட்டு வருகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்ப்பது பதினோரு வருஷமாக அவள் வேலை. ஒருவருடைய கோப்பை இன்னொருவர் பார்க்கும்படி மேஜையில் விரித்து வைத்தால் போச்சு, யாராக இருந்தாலும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ‘உங்கள் தகவல் எங்கள் பொறுப்பு’ என்று சுவரில் இருந்த அட்டையை நாற்காலி போட்டு ஏறி ஒட்டியவளும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நர்ஸ் வந்தாள். இரவு டியூட்டி முடித்து நேரே வந்திருக்க வேண்டும், கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. முப்பத்தெட்டு வயது, தனி ஆள். இரண்டு அறை உள்ள ஒரு சின்ன வீட்டை வாங்க முப்பத்தாறு லட்சம் கடன் கேட்டிருந்தாள். கடன் அனுமதியாகிக் கடிதமும் போன வாரமே தயார். இன்று அதை வாங்கிக்கொண்டு போனால் போதும்.

"மேடம், ஒரு சிக்கல்," என்றபடி உட்கார்ந்தாள். "நாப்பத்திரண்டுக்குப் பேசி முடிச்ச வீடு. ஒரு லட்சம் அட்வான்ஸும் குடுத்துட்டேன். இப்ப ஓனர் நாப்பத்தாறு எழுபது கேக்குறார். வேற பார்ட்டி ரெடியா இருக்காம். இன்னைக்கு மூணு மணிக்கு ஒப்பந்தம் போடலைன்னா அவங்களுக்குக் குடுத்துருவாராம்."

"திடீர்னு அஞ்சு லட்சமா ஏத்துவாங்க?"

"அதான் எனக்கும் புரியல. அட்வான்ஸையும் சேர்த்து என்கிட்ட ஆறுதான் இருக்கு. கடனை நாப்பது எழுபதா ஏத்திக் குடுக்க முடியுமான்னு பாருங்க மேடம். கேட்டா கண்டிப்பா குடுப்பாங்கன்னு தரகர் சொன்னார்."

பூதக்கண்ணாடி கோப்பை எடுத்து, கணக்கெல்லாம் குறித்து வைக்கும் உள்ளட்டையைத் திருப்பினாள். அவளுடைய கையெழுத்தில், பென்சிலில், அதிகபட்சத் தகுதி 40.70 என்று இருந்தது.

இதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் கேட்பது ஒரு தொகை, அவருக்குக் கொடுக்கக்கூடிய உச்ச வரம்பு இன்னொரு தொகை. அந்த வரம்பைக் கடன் கேட்டவரிடமே சொல்லமாட்டார்கள். வெளியே தெரிந்தால் வீடு விற்கிறவன் விலையை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவான் என்பதால்தான் அந்த விதி. நர்ஸுக்கே தெரியாத நாற்பது எழுபது ஓனருக்கு எப்படித் தெரிந்தது? அதோடு அவள் கையிருப்பு ஆறையும் கூட்டிப் பார்த்தால் ஓனர் கேட்ட விலை, ஒரு காசு கூடவுமில்லை, குறையவுமில்லை.

முதலில் அவளுக்குச் சந்தேகம் காசாளர் மேல் போனது. பிறகு கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வந்த ஆள் மேல். ஊரில் உள்ளவரையெல்லாம் மனசுக்குள் கூண்டில் ஏற்றிவிட்டு, "தரகர் யாரு?" என்று கேட்டாள்.

"பேரு தெரியல மேடம். எல்லாரும் சீப்புன்னு கூப்பிடுறாங்க. தலையில எண்ணி நாலு முடி இருக்கு, அதுக்கு நிமிஷத்துக்கு ஒரு தரம் சீப்பை எடுத்துச் சீவிக்கிறார்," என்று நர்ஸ் லேசாகச் சிரித்தாள். "ஆனா நல்ல மனுஷன். கூடப் பொறந்தவர் மாதிரி பேசுறார்."

அந்தச் சீப்பை வாங்கிக் கொடுத்தவளே பூதக்கண்ணாடிதான். கடை நொடித்துப் போனபின் வீட்டுத் தரகில் இறங்கிய அவள் புருஷன்தான் அந்த ஆள்.

"கொஞ்சம் உட்காருங்க, வந்துடறேன்," என்று எழுந்தாள். கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனைத் திறந்தாள். மேலாளர் மூன்று கிளைகளுக்குப் பொதுவானவர், எந்நேரமும் காரில்தான் இருப்பார். கணினி வழியாக ஒப்புதல் வாங்க அரை நாள் ஆகும். அதனால் உள்ளட்டையைப் படம் பிடித்து அவர் போனுக்கு அனுப்பினால் கட்டை விரல் படம் ஒன்று திரும்பி வரும், வேலை முடிந்தது. நாலு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. மேஜையில் ஒரு தாள் கிடந்தால் சாமியாடுகிறவளுக்கு, ஊரார் கோப்பெல்லாம் தன் கைப்பைக்குள் போனில் கிடப்பது ஒருநாளும் உறைத்ததில்லை. அந்தப் போன் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கிடக்கும். அதைத் திறக்கும் எண் மகளுடைய பிறந்த நாள்.

படம் இருந்தது. சம்பளம், கையிருப்பு, வரம்பு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு வரியும் இருந்தது: ‘இடது மார்பு அகற்றிய அறுவை, இரண்டு வருடம் முன். காப்பீட்டுக் கட்டணம் கூடும்.’ கடனுக்கான காப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போது நர்ஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னது அது. "வேற ஊர்ல போய்ப் பண்ணிக்கிட்டேன் மேடம். என் ஆஸ்பத்திரியில யாருக்கும் தெரியாது. என் அக்காவுக்கே தெரியாது. உங்களோட இருக்கட்டும்," என்றிருந்தாள்.

புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அந்த நர்ஸ் வீட்டுக்கு நீங்கதான் தரகரா?"

"ஆமா. வந்துட்டாளா? லெட்டரைக் குடுத்து சீக்கிரம் அனுப்பு, மூணு மணிக்கு இங்க எல்லாம் ரெடி."

"என் போனைப் பார்த்தீங்களா?"

"கரண்ட் பில் கட்ட எடுத்தேன், மேலயே கிடந்துச்சு. அதுக்கென்ன இப்ப? ஏறுற நாலு எழுபதுல பாதி நமக்கு. பாப்பாவோட காலேஜ் பீஸ் ஒரே அடியில முடிஞ்சுதுன்னு சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு."

"அவங்க அதை இருபது வருஷம் கட்டணுங்க. வட்டியோட பத்து லட்சத்தைத் தொடும்."

"இருபது வருஷமா?" அவன் சிரித்தான். "அந்த உடம்பை வச்சுக்கிட்டா? நீயேதான் எழுதி வச்சிருக்கியே. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரன் கட்டிட்டுப் போறான். யாருக்கு நஷ்டம்?"

அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அதை யார்கிட்டயும் சொல்லலையே?"

"ஓனர்கிட்ட மட்டும்தான். அவர் தயங்கினார். வேற வீடு தேடி அலைய அந்தப் பொண்ணுக்குத் தெம்பு கிடையாது, தைரியமா ஏத்திக் கேளுங்கன்னு நான்தான் சொன்னேன். வேற பார்ட்டியாவது ஒண்ணாவது!"

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைக்கிறவர்களை அவளுக்குத் தெரியும். அந்த மாதிரி ஆளுக்குத்தான் தினமும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமல் போயிற்று. போனை வைத்தாள். கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. அவன் திருடன் என்றால், கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கியவள் அவள்.

நியாயமாகப் பார்த்தால் அந்த நிமிஷமே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. பயந்தவளுக்குக் குறுக்குவழிதான் முதலில் கண்ணில் படும். வரம்பு முப்பத்தாறுதான், ஏற்ற வழியில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும். நர்ஸ் பணமில்லை என்பாள், ஓனர் தானாக இறங்கி வருவான். யாருக்கும் ஒன்றும் தெரியாது. வேலையும் தப்பும், மகள் படிப்பும் தப்பும். முழுப் பூசணிக்காய்தான், ஆனால் சோறும் அண்டா நிறைய இருந்தது.

மேலாளருக்குப் போன் செய்து, "அந்த நர்ஸ் நாப்பது எழுபதா ஏத்திக் கேக்குறாங்க. முப்பத்தாறோட நிறுத்திக்கலாம் சார், அந்தம்மாவால கட்ட முடியாது," என்றாள்.

"என்னம்மா நீங்க, வரம்பு இருக்கு, அவங்களே கேக்குறாங்க. இந்த மாசக் கணக்குல நாம எவ்வளவு பின்தங்கி இருக்கோம்னு தெரியுமில்ல? நானே இப்பவே ஏத்தி விடுறேன். பிரிண்ட் எடுத்துக் குடுங்க."

ஒன்றே முக்காலுக்குப் புதுக் கடிதம் பிரிண்டரில் வந்து விழுந்தது. நாற்பது லட்சத்து எழுபதாயிரம். சரிபார்த்தவர் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. எட்டிப் பார்த்தாள். நர்ஸ் நாற்காலியிலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள், கைப்பையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஏற்றிய பணத்துக்கு மாசம் நாலாயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கு இன்னும் எத்தனை இரவு டியூட்டி என்று பூதக்கண்ணாடி கணக்குப் போட்டாள். பாதியில் கணக்கை விட்டுவிட்டாள்.

பணத்தைப் பொய் சொல்லித் தடுக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த இன்னொரு வரி ஓனர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறதே, அதை எந்தப் பொய் சொல்லித் திரும்பக் கொண்டுவருவது? அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் நர்ஸின் தோளைத் தொட்டு எழுப்பினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள்.

நர்ஸ் தொகையைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியே நாப்பது எழுபதா! பாருங்க மேடம், நமக்குன்னு இருந்தா அளந்து வச்ச மாதிரி அமையும்."

"அளந்துதாம்மா வச்சிருக்காங்க," என்றாள் பூதக்கண்ணாடி. "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாதீங்க. வேற பார்ட்டி யாரும் கிடையாது. உங்களுக்கு எவ்வளவு கடன் வரும், கையில எவ்வளவு இருக்குன்னு ஓனருக்கு முன்னாடியே தெரியும். என் போன்ல இருந்து போயிருக்கு. அந்தத் தரகர் என் வீட்டுக்காரர்."

நர்ஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. திட்டுவாள், கடிதத்தை முகத்தில் வீசுவாள் என்று பூதக்கண்ணாடி எதிர்பார்த்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை.

"போன்ல என்ன இருந்துச்சு?"

"உள்ளட்டை. படம் புடிச்சு மேலாளருக்கு அனுப்புவோம்."

"உள்ளட்டையில வேற என்ன இருந்துச்சு மேடம்?"

பூதக்கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓனருக்குமா?"

"சொல்லியிருக்கார்."

நர்ஸ் புடவைத் தலைப்பை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். "அதான் நேத்து அவர் சம்சாரம் என்னை அப்படிப் பார்த்துச்சா. பேசிக்கிட்டே இருந்துச்சு, கண்ணு மட்டும் இங்கயே இருந்துச்சு. கறை கிறை பட்டிருக்கோன்னு பாத்ரூம்ல போய்ப் பார்த்தேன்." "ஓனர் தங்கச்சி எங்க ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்குது மேடம். என் வார்டுக்கு மேல் மாடியில."

பூதக்கண்ணாடிக்கு அழுகை வந்தது. அழுதால் அந்த நர்ஸ் தனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும், அந்தக் கொடுமை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நர்ஸின் போன் அடித்தது. சீப்புதான். அவள் எடுக்காமல் போனைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"ஒரு வெள்ளைத் தாள் குடுங்க."

கொடுத்தாள். நர்ஸ் அதைத் திரும்ப அவள் பக்கமே தள்ளினாள். "இப்ப சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அட்வான்ஸைத் திருப்பி வாங்கணும். உங்க தலைமை அலுவலகத்துக்கும் போகணும். வாயால சொன்னா நாளைக்கு நான்தான் உளர்றேன்னு ஆயிடும்."

எழுதிக் கொடுத்தால் வேலை போகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். பூதக்கண்ணாடி பேனாவைத் திறந்தாள். தேதி போட்டாள், கடன் எண் போட்டாள். உள்ளட்டையைத் தானே படம் பிடித்ததையும், போனைக் காப்பாற்றாமல் விட்டதையும் எழுதினாள். ‘அந்தப் படத்தைப் பார்த்த ஒரு தரகர்’ என்று எழுதும்போது நர்ஸின் விரல் தாளில் வந்து நின்றது.

"யாருன்னு எழுதுங்க."

‘ஒரு தரகர்’ என்பதை அடித்துவிட்டு ‘என் கணவர்’ என்று எழுதினாள். தொகையை எழுதினாள். ‘மற்றும் சில சொந்த விவரங்கள்’ என்று முடித்துக் கையெழுத்துப் போடப் போனாள்.

"சில விவரங்கள் இல்ல மேடம். ஆபரேஷன்னே எழுதுங்க," என்றாள் நர்ஸ். "என்னைத் தவிர எல்லாருமா சேர்ந்து பேசிட்டீங்க. இனிமே மறைக்க என்ன இருக்கு?"

பூதக்கண்ணாடி எழுதினாள்.