நவமி கழிந்து போட்ட கடிதம்

அரக்கோணம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஜம்புலிங்கம் அஷ்டமி நவமி என்று எந்த ரயிலையும் நிறுத்தி வைத்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷன், பெற்ற பெண்ணின் கடிதத்தை மட்டும் இரண்டு நாள் சட்டைப் பையில் சுமந்து திரிந்தார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

பெண் அம்சா, திருத்தணியிலிருந்து தினம் ரயிலேறிச் சென்னையில் பௌதிக எம்.எஸ்ஸி. முடித்தவள். வடக்கே சர்க்கார் புதிதாக சிங்க்ரோட்ரான் நிலையம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தது. எலக்ட்ரான்களை வட்டமாக ஓடவிட்டு அதிலிருந்து ஒளி எடுக்கிற பெரிய யந்திரம். அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய, உதவித்தொகையோடு ஆறே ஆறு பேரை எடுத்தார்கள். ஆறாவது பெயர் அம்சா. சம்மதக் கடிதம் இருபதாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று உத்தரவில் கண்டிப்பாகப் போட்டிருந்தது.

பார்த்து வைத்தாற்போல் அப்போதுதான் அவளுக்கு அம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடியே கையெழுத்துப் போட்டு, இன்றைக்கே தபாலில் சேர்த்துவிடச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தாள். தேதி பதின்மூன்று.

ஜம்புலிங்கம் தபாலாபீஸ் வரைக்கும் போனார். சுவரில் தொங்கிய காலண்டர் அஷ்டமி என்றது. மறுநாள் நவமி. குடும்பத்திலேயே முதல்முதலாக ஒரு பெண் அவ்வளவு தூரம் போகிறாள், அதை ஆகாத நாளில் தொடங்கலாமா? ஐந்து நாளில் போய்விடும் என்று கணக்குப் போட்டார். தசமியன்று விடிந்ததும் மலையேறி, முருகன் பாதத்தில் வைத்து வாங்கி, ரிஜிஸ்தரில் அனுப்பினார். விபூதி மணக்க மணக்கப் போன கடிதம் இருபத்தொன்றாம் தேதி போய்ச் சேர்ந்தது. இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

என்றைக்குப் போட்டாய் என்று அம்சா கேட்டாள். கொடுத்த அன்றைக்கே என்றார் அவர். வாய் தானாகச் சொல்லிவிட்டது, பாவி வாய். அதன் பிறகு நான்கு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுக்கு ஆகவில்லை என்று வீட்டில் சாக்குச் சொன்னார்.

ஐந்தாம் நாள் அம்சா ஒரு நீளமான மனுவோடு வந்தாள். அம்மைத் தழும்பு இன்னும் மறையாத முகம். தப்பு தபால்காரர்கள் மீது, நிலையம் தன்னை மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாள். அவருக்கு இங்கிலீஷ் வராது என்பதால் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கடைசில இத எழுதியிருக்கேன் நைனா. பதின்மூணாம் தேதியே எங்க அப்பா தபால்ல சேத்துட்டாரு. அவரு பொய் சொல்ற மனுஷன் இல்ல."

ஜம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பதினஞ்சாம் தேதிதாம்மா போட்டேன். நீ குடுத்த அன்னிக்கு அஷ்டமி, மறுநா நவமி. உனக்கு நல்லதாவணுமேன்னு வச்சிகினு இருந்துட்டேன்."

கத்துவாள், மனுவை முகத்தில் வீசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தாளை நாலாக மடித்தாள்.

"நீ கெட்டது நெனச்சு செஞ்சிருந்தா உங்கூட சண்டையாவது போட்டிருப்பேன் நைனா. இப்ப நான் யாரோட சண்டை போடறது?"